சிதம்பரத்தில் ஊற்றிய தண்ணீர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வந்ததற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், தெரியும். நடராஜரைப் பார்க்கவோ பிச்சாவரத்தில் படகேறவோ நான் போகவில்லை. போன சனிக்கிழமை ஒரு நர்ஸிடம் மூன்று கேள்வி கேட்கப் போனேன். அன்றைக்கே கேட்டாக வேண்டிய கட்டாயம். மறுநாள் காலை பத்து மணிக்கு என் நாலரை வயது மகள் அமலிக்கு ஞானஸ்நானம் என்று என் மாமியார் நூற்றைம்பது பேருக்குப் பிரியாணி சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அமலிக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்பது என் கட்சி. ஆகவில்லை என்பது மாமியார் கட்சி. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வெல்டர். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று போனிலேயே கைகழுவி விடுகிறவர்.

சண்டையின் கதை இதுதான். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் எனக்கு ஏழாம் மாதத்திலேயே இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். எனக்கு வலிப்பு வந்து, ஐந்து நாள் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தேன். மூத்தவள் இரண்டாம் நாளே போய்விட்டாள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. இடையில் ஒருநாள் செல்வி என்ற நர்ஸ், என் கையில் சுற்றியிருந்த ஜெபமாலையைப் பார்த்துவிட்டு, காதருகே குனிந்து, "அக்கா, பாப்பாவுக்குத் தண்ணி ஊத்திட்டேன், கவலப்படாதீங்க" என்றாள். அது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. எழுந்து உட்கார்ந்த அன்று அமலியை என் கையில் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை என்று நெற்றியில் முத்தமிட்டேன்.

மூத்தவளை அதற்குள் கடலூர் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம் புதைத்திருந்தார்கள். தண்ணீர் படாத குழந்தைக்கு அந்த ஓரம்தான், சிலுவை கிடையாது, பெயர் கிடையாது என்பது எங்கள் வீட்டுப் பழைய வழக்கம். சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்லறைத் திருநாளில் ஊரே சிலுவைக்கு மாலை போடும், நான் மதிலைப் பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். சாவு ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஃபாதர் வேண்டாம், கிறிஸ்தவராக இருக்கக்கூட வேண்டாம். தண்ணீர் வேண்டும், தலையில் ஓட வேண்டும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் வேண்டும். பால் ஆகாது, இளநீர் ஆகாது, பன்னீர் ஆகாது. கிணற்றுத் தண்ணீரோ கடல் தண்ணீரோ ஆகும். அழுக்குப் போகக் குளிப்பாட்டுகிற சமாச்சாரம் இல்லை இது. பழைய ஆள் தண்ணீருக்குள் செத்து, புது ஆள் வெளியே வருவதாக நம்பிக்கை. ஒருமுறை பிறந்தவளை மறுபடி பிறக்க வைக்க முடியுமா? அதனால்தான் ரெண்டாம் தடவை ஊற்றக் கூடாது என்கிறார்கள். நாலரை வருஷம் நானும் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

மாமியார் விடவில்லை. "இந்துப் பொண்ணு கையால ஊத்துன தண்ணி எப்பிடிடி ஞானஸ்நானம் ஆவும்? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க!" எங்கள் பங்குக்கு, அதாவது எங்கள் கோயில் வட்டாரத்துக்கு, புதிதாக வந்திருக்கும் ஃபாதர்தான் நடுவே வந்தார். அந்த நர்ஸிடம் மூன்றே கேள்வி கேள், பதிலைக் கையெழுத்தோடு வாங்கி வா என்றார். என்ன தண்ணீர்? ஓடியதா? என்ன சொன்னாள்? பதில் சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கிடையாது, எண்ணெய் பூசி வெள்ளை உடுப்பு மட்டும். செல்வி அந்த மருத்துவமனையை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. என் கதையை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிரசவத்துக்குப் போன கிளினிக்கில் செல்வியைப் பார்த்துவிட்டு, போன் நம்பர் வாங்கி வந்தாள்.

காலை 7.10க்குக் கடலூர் பஸ் நிலையத்தில் தனியார் பஸ். டிக்கெட் நாற்பது ரூபாய், அமலி மடியில் என்பதால் அவளுக்கு இல்லை. முதுநகர் தாண்டும்வரை நெரிசல், ஆலப்பாக்கம் வந்ததும் காற்று வரும். இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் உட்கார்ந்தால் இறங்கும்வரை டிரைவர் போட்ட பாட்டின் ஸ்பீக்கர் காதுக்குள்ளேயே கத்தும். பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம். 8.30க்குச் சிதம்பரம். கீழ வீதியில் இட்லி கொத்சு இரண்டு செட், தொண்ணூறு ரூபாய். கத்திரிக்காய் கொத்சுவுக்காகவே ஒருநாள் போகலாம். கோபத்தோடு போனால்கூட ருசிக்கும்.

செல்வி வீடு அண்ணாமலை நகர் போகும் ரோட்டில். ஆட்டோ எண்பது ரூபாய். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"கோயிலுக்காம்மா?"

"இல்லண்ணே, ஒரு நர்ஸ் வீட்டுக்கு. பாப்பா ஞானஸ்நான விஷயமா."

"அது சர்ச்சுல தானம்மா குடுப்பாங்க? நர்ஸ் வூட்டுக்கு எதுக்குப் போற?"

"அதுலதாண்ணே சண்டையே."

"மாமியாரா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப தெகிரியமா போ. எங்கூட்லயும் இதே கததான், சாமி மட்டும் வேற" என்றார்.

செல்விக்கு முப்பது வயது. கிள்ளைப் பக்கம் மீனவக் குடும்பம், வாசல் நிலையில் மாரியம்மன் படம். மதிய டூட்டிக்கு யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "ஜெபமால அக்கா தான?" என்றாள். எனக்கு அப்போதே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். என்ன தண்ணி ஊத்தின?

"ஸ்டெரைல் வாட்டருக்கா. ஊசி மருந்து கலக்க வெச்சிருப்பமே, அது. கொழாத் தண்ணிய அந்தச் சின்னக் கொழந்த மேல ஊத்துவனா?"

"ஓடுச்சா? இல்ல தொட்டு வெச்சியா?"

"சிரிஞ்சுல எடுத்து நெத்தியில மூணு தரம் விட்டேன். காதோரம் வழிஞ்சுது. ஈரம் ஆவாதுன்னு ஒடனே காஸ் துணியால ஒத்தி எடுத்தேன்."

"என்ன சொன்ன?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல நிமிர்ந்து சொன்னாள். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." ஒரு எழுத்து பிசகவில்லை. "எங்க டிரெய்னிங் ஸ்கூல்ல கன்னியாஸ்திரிங்க மனப்பாடம் பண்ண வெச்சிருக்காங்க. யாரா இருந்தாலும் செய்யணும்னு சொல்லிக் குடுத்தாங்க. அவுங்க நெனச்சி செய்யறதயே நானும் நெனச்சி செஞ்சேன்" என்றாள்.

போதுமா அத்தை, என்று மனதுக்குள் கும்மாளம் போட்டேன். பேப்பரை எடுத்து நீட்டினேன். செல்வி வாங்கவில்லை. அமலியைக் கிட்டே இழுத்து முகத்தைப் பார்த்தாள்.

"இது சின்னது தான? நல்லா வந்துட்டாளே! இவளுக்கு அப்பவே பயமில்லக்கா. பொறந்ததுமே கத்துனா பாருங்க, வார்டே திரும்பிப் பாத்துச்சு."

"நீ தண்ணி ஊத்தினது இவளுக்குத்தானே?"

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இவளுக்கு எதுக்குக்கா ஊத்துவேன்? ஆபத்துல இருக்கற கொழந்தைக்குத்தான ஊத்தணும்? மூத்தவளுக்கு. மூச்சு எறங்கிக்கிட்டே போச்சு, டாக்டரு கைய விரிச்சிட்டாரு. அப்பதான் ஊத்தினேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"பாப்பா போனத உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு உங்க வூட்டாளுங்க கறாரா சொல்லிட்டாங்க. பிபி ஏறிடும்னு டாக்டரும் சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. அதான் பாதிய மட்டும் சொன்னேன்."

தலையில் யாரோ அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாலரை வருஷமாக ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். வாங்கின பிள்ளை மதில் ஓரம் சிலுவை இல்லாமல் கிடக்கிறாள். அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பேர் ஏதாவது சொன்னியா?" என்று கேட்டேன். 

"பேரில்லாம எப்பிடிக்கா கூப்புடறது? எங்க டியூட்டர் சிஸ்டர் பேரு ஞாபகம் வந்துச்சு. ஜெசிந்தான்னு வெச்சேன். தப்பாக்கா?"

அழுதேன். அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே அழுது தீர்த்தேன். அமலி என் புடவையைப் பிடித்து இழுத்து, "கொத்சு காரமாம்மா?" என்றாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது, நல்ல கோபம். எல்லாவற்றையும் எழுதி வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது, "எம்மேல கேசு கீசு வராதேக்கா?" என்று கேட்டாள். நாளைக்கு நீயும் வரவேண்டும் என்றேன். "நான் மாரியாத்தாள கும்புடறவ. உங்க கோயில்ல உடுவாங்களா?" "எவன் தடுக்கறான்னு நான் பாக்கறேன்" என்றேன்.

12.40 பஸ், மீண்டும் நாற்பது ரூபாய். நான்கு மணிக்கு ஃபாதர் தங்கும் பங்கு இல்லம். அலங்காரத்துக்குப் பூ கொடுக்க மாமியாரும் அங்கே வந்திருந்தார். ஃபாதர் காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "சந்தேகமே இல்லம்மா. மூத்தவளுக்கு இது முழு ஞானஸ்நானம். அமலிக்கு நாளைக்குத் தண்ணி ஊத்தலாம்" என்றார்.

மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! அமலிக்கு ஆவலன்னு நான் தலதலயா அடிச்சிக்கிட்டனே!"

"ஆமா அத்தை. அமலி விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி, நான் தோத்துட்டேன். ஆனா அந்த இந்துப் பொண்ணு கையால ஊத்துன தண்ணியும் ஆகும்னு ஃபாதரே சொல்லிட்டாரு. நீங்க சிலுவையில்லாமப் பொதச்சீங்களே, அவ பேரு ஜெசிந்தா. நாளைக்குக் காலைல சிலுவை நட்டாத்தான் அமலி கோயில் படி ஏறுவா. இல்லன்னா நூத்தம்பது பிரியாணியையும் நீங்களே சாப்பிடுங்க."

"நல்ல காரியத்த வெச்சிக்கிட்டுக் கல்லறையில வேலயா? அபசகுனம்டி!"

"எம்பொண்ணு பேர எழுதறது அபசகுனமா?" என்று கேட்டேன். ஃபாதர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை, கத்தினேன். மாமியார் பூக்கூடையை வைத்துவிட்டு வெளியே போனார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தச்சர் கொண்டுவந்த மரச்சிலுவையை மதில் ஓரம் நட்டோம். வெள்ளைப் பெயின்ட், கறுப்பு எழுத்து, கூலியோடு தொள்ளாயிரம் ரூபாய். செல்வி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். ஃபாதர் ஜெபம் சொல்லிச் சிலுவையை மந்திரித்துக்கொண்டிருக்கும்போது மாமியார் வந்து பின்னால் நின்றார். என்னைத் தாண்டிச் செல்வியிடம் போய், "ரொம்பக் கஷ்டப்பட்டாளாம்மா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. தண்ணி பட்டதும் கண்ணத் தொறந்து பாத்துச்சு. அப்பறம் தூங்கிடுச்சு."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பத்து மணிக்கு அமலி தலையில் தண்ணீர் ஓடியபோது செல்வியை முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். கத்தோலிக்கர் இல்லை என்பதால் அவளை, சடங்கில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாயாக வைக்க முடியாது, சட்டம். பக்கத்தில் உட்காருவதற்குச் சட்டம் இல்லை. மாமியாரும் நானும் ராசியாகிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள், பிரியாணியில் உப்பு ஜாஸ்தி என்று சொன்னதற்கு மதியமே மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மருத்துவமனையில் யாராவது உங்கள் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால், அந்த வாரமே கேளுங்கள். எந்தப் பிள்ளைக்கு, என்ன பெயர் என்று கேளுங்கள். என்னை மாதிரி நீங்களாக முடிவு செய்து உட்கார்ந்திருக்காதீர்கள். நம்பிக்கையான ஒரு சாட்சி போதும். வெறும் "தண்ணி ஊத்தியாச்சு" என்று எழுதி வாங்காதீர்கள், மூன்று பதிலும் இருக்க வேண்டும். ஊற்றின ஊர் எதுவோ அந்தப் பங்கில்தான் பதிவு. அதனால் எங்கள் ஃபாதரின் கடிதத்தோடு செவ்வாய்க்கிழமை நான் மறுபடி சிதம்பரம் போனேன், அதே 7.10 பஸ்ஸில்.

அங்கே பதிவேட்டைத் திறந்து எழுதினார்கள். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற பத்தியில் மேலிருந்து கீழே எல்லாம் ஃபாதர்மார் பெயர். கடைசியில் செல்வி, செவிலியர். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. சான்றிதழும் வேண்டும் என்றேன். அலுவலகத்தில் எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"ஸ்கூல்ல சேக்கத்தான்மா சர்டிபிகேட் கேப்பாங்க. இல்ல பெரிசானதும் புதுநன்மைச் சடங்குக்கு, கல்யாணத்துக்கு. இந்தக் கொழந்தைக்கு எதுக்கும்மா?"

"எனக்கு வேணும். எழுதுங்க" என்றேன்.

எழுதிக் கொடுத்தார். முத்திரை காயும்வரை நின்று வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.