ஒரு காதில் மட்டும் இயர்போன்

குழித்துறை பஸ் நிறுத்தத்தில் அவரைத் தினமும் பார்ப்பேன். ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஒரு காதில் மட்டும் இயர்போன். பஸ் வந்ததும் பெயர்ப்பலகையைப் போனில் படமெடுப்பார். போன் அதை வாசித்துச் சொன்ன பிறகே ஏறுவார். பார்வைக் குறை என்று நானே முடிவுகட்டி, ஒருநாள், “அருமனை பஸ்தான், ஏறுங்க” என்றேன்.

“கண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார். எழுத்துதான் சின்னப் பிள்ளையில இருந்தே பிடிபடல்ல. இப்ப என்னைப்போல உள்ள பிள்ளைகளுக்கு டீச்சரா இருக்கேன்.”

“வகுப்பிலயும் இயர்போன்தானா?”

“அங்க போனைச் சத்தமாட்டு வைப்பேன். டீச்சருக்கும் இது வேணும்னு பிள்ளைகளுக்குத் தெரியட்டு.”

மறுநாள் பலகையை நான் முதலில் வாசித்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. விசிலடிக்கப் போன கண்டக்டரிடம் மட்டும், “ஏற ஆள் உண்டு” என்றேன்.