ஹமீது பாய் கவிழ்த்துப் போட்ட சீட்டு

ஹமீது பாய் போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் பண்ணினான். "வாப்பா மௌத்தாயிட்டாங்கண்ணே... தூக்கத்துலயே."

திருவிடைமருதூரில் நெல் அறுப்பு மெஷின் வாடகைக்கு விடும் எங்கள் ஆபீஸில் நான் புக்கிங், பாய் ஸ்பேர் பார்ட்ஸ். முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே ஃபாரின் சாமான், ராஸ் என்கிற சீட்டாட்டம்.

ஆளுக்கு ஏழு சீட்டு. மூன்று மூடி, நான்கு எல்லோரும் பார்க்கத் திறந்து. இருப்பதிலேயே சின்னதாக ஐந்து சீட்டு சேர்த்தவர் ஜெயிப்பார். ஏஸ்தான் ரொம்பச் சின்னது. ராஜா, ராணி தண்டம். ஜோடி விழுந்தால் அதில் ஒன்று வேஸ்ட்.

ரம்மி ஆடிப் பழகிய கை எனக்கு. முதல் நாள் இரண்டு ராஜா சேர்ந்ததும் சிரித்துவிட்டேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அட என்னங்க நீங்க, குப்பைய அள்ளி வெச்சிக்கிட்டு சிரிக்கிறீங்க!"

"மொத மூணும் சின்னதா இருந்தா மட்டும் ஆட்டத்துக்குள்ள வாங்க. நாலாவது ஒங்களுக்குப் பெருசா விழுந்து, எதிராளிக்குச் சின்னதா விழுந்தா சீட்டக் கவுத்துட்டு ஆட்டத்த விட்டு எந்திரிங்க. ஒங்க கையவே பாக்காதீங்க, எதிர்ல தெறந்து கெடக்குறதப் பாருங்க. ஒங்களுக்கு வேண்டிய சீட்டெல்லாம் அங்க கெடந்தா, எங்கேருந்துங்க வரும்?"

கவிழ்க்க மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டேன். "பயந்தாங்கொள்ளி" என்பான் மெக்கானிக் செந்தில்.

காசு வைத்து ஆடியதில்லை. தை மாசம் அறுப்பு சீசன்... ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் மூவரில் ஒருத்தருக்குத்தான் லீவு. யாருக்கு என்பதை எங்களிடமே விட்டுவிட்டார் முதலாளி. சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஆடுவோம், ஜெயித்தவருக்கு லீவு. தங்கச்சி நிச்சயதார்த்தம் என்று செந்தில் ஒருமுறை கேட்டபோது, "ஆடி எடுத்துக்கடா" என்று சொன்ன மகாராசன் நான்தான்.

அந்த வாயால் பிறகு ஒரு சனிக்கிழமை நானே மாட்டிக்கொண்டேன். நாகப்பட்டினத்தில் மாமனார் வீட்டில் எனக்கு மகள் பிறந்து ஆறு நாள். இன்னும் முகம் பார்க்கவில்லை. ஆபீஸில் மூச்சு விடவில்லை. சொன்னால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும் என்று ஒரு ரோஷம்.

பாய்க்கும் அதே ஞாயிறு வேண்டும். நாகூர் தர்காவில் கந்தூரித் திருவிழாக் கொடியேற்றம், அவர் ஊர். கப்பலில் இருந்த வருஷங்களில் தவறவிட்டதைச் சொல்லிச் சொல்லி ஏங்குவார்.

செந்தில் சீக்கிரமே கவிழ்த்துவிட்டான். எனக்குத் திறந்து கிடந்தது ஐந்து, ஒன்பது, ராஜா, இன்னொரு ஒன்பது. பாய்க்கு இரண்டு, மூன்று, நான்கு, ஆறு. எப்போதோ நான் எழுந்திருக்க வேண்டிய ஆட்டம். எழவில்லை.

பாய் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏழு சீட்டையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டார். லீவு எனக்கு.

செந்தில் பதறிப்போய் திறக்கப் போனான். பாய் கை வைத்து மறித்தார். "கவுத்தத தெறக்கக் கூடாது தம்பி. கப்பல் ரூல்."

வெளியே வந்து என்னிடம் கேட்டார். "பெருசா ஒண்ணு விழுந்தாலே எந்திரிக்கிற ஆளு நீங்க... ராஜாவையும் ரெண்டு ஒம்போதையும் வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்கன்னா வீட்ல என்னமோ இருக்கு. என்னங்க?"

சொன்னேன். அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன், இனி என்ன.

"வாயத் தெறந்து கேட்டா கொறைஞ்சா போயிடுவீங்க? மொதல்ல பஸ் ஏறுங்க." திட்டித்தான் அனுப்பினார்.

ஞாயிறு காலையில் மகளைக் கையில் வாங்கினேன். சாயங்காலம் நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் நாகூருக்குப் போனபோது, பாய் ஆபீஸில் பெல்ட் வைத்த அறுப்பு வண்டிக்கு பேரிங் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்லப் போனால் ஒரே பதில்தான். "சீட்டு சரியில்லைங்க, கவுத்தேன்."

இன்றும் தை மாசம்தான். எல்லா வண்டியும் வயலில் நிற்கிறது. முதலாளியிடம் நேராகப் போய், வாயைத் திறந்து லீவு கேட்டேன் பாய். உடனே கொடுத்துவிட்டார்.

நாகூர் பஸ்ஸில் இருக்கிறேன். ஜன்னலோரம் என் மகள்.

நல்லபடியா போயிட்டு வாங்க பாய்.