டிக் விழாத மூன்று நாள்

"மருந்து தரவில்லை. வாடை."

1997 மார்ச்சில் அடுத்தடுத்த மூன்று தேதிகளுக்கு நேரே என் நோட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. எழுதியவன் நான்தான்.

அப்போது சோமனூரில் குடியிருந்தோம். எங்கள் மகளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே அவள் உடம்பால் புரதத்தை முழுதாகப் பயன்படுத்த முடியாது. புரதம் உடைபடும்போது உண்டாகும் ஓர் அமிலம் ரத்தத்தில் தங்கிவிடும். அதனால் பருப்பும் பாலும் அளந்துதான் கொடுப்போம். கூடவே, வேளை தவறாமல் கார்னிடைன் என்ற திரவ மருந்து. அமிலத்தைச் சிறுநீரோடு வெளியேற்ற அது உதவும் என்று கோவை டாக்டரம்மா சொல்லியிருந்தார். பம்பாயிலிருந்து வரவழைப்போம். கொடுப்பது என் பொறுப்பு. குடித்ததும் மகளே நோட்டில் பென்சிலால் டிக் போடுவாள்.

டாக்டரம்மா மருந்தின் அளவைக் கூட்டிய சில நாளில் அவள் வேர்வையில் மீன் வாடை அடித்தது. நாங்கள் சைவம். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று சிரித்தார்: "ஏனுங்க, ஊரறியச் சைவம்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்குள்ள மீன் கொழம்புங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. வெயிலில் மருந்து கெட்டுவிட்டது என்று நானாக முடிவு கட்டினேன். புது பாட்டிலுக்கு எழுதிப் போட்டுவிட்டு, இருந்ததை நிறுத்தினேன். டாக்டரைக் கேட்கவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

"அப்பா, டிக் போடலீங்களா?" என்றாள் மகள்.

"நாளைக்குப் போடலாம் கண்ணு."

மூன்றாம் நாள் சளிக்காய்ச்சல். மறுநாள் காலை இரண்டு தடவை வாந்தி. பிறகு கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மூச்சு வேகமாக இழுத்தது. கேலி செய்த அதே அக்காதான் ஓடிப்போய் கார் பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, மருந்து விட்டுப்போனதா என்பதுதான். மனைவி முந்திக்கொண்டாள். "ஒரு வேளையும் விடலைங்க. அவரு நோட்டே போட்டிருக்காருங்க." பெருமையாகத்தான் சொன்னாள்.

நோட்டை மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நீட்டிவிட்டு, மீன் வாடை அடித்ததால் மருந்து கெட்டதென்று நிறுத்தியதைச் சொன்னேன்.

"மருந்து கெடலைங்க. அளவு கூடுனா சில பேருக்கு இந்த வாடை வரும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?" என்றபடியே அவர் நர்சிடம் குளுக்கோஸும் கார்னிடைனும் ஏற்றச் சொன்னார். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு நாள் மகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணியதை எழுதக் கை வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் கண் திறந்து, "அப்பா, பென்சில் எங்கீங்க?" என்றாள். மனைவிதான் என் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

மயக்கத்துக்குக் காரணம் நான் நிறுத்திய மருந்தா, காய்ச்சலா, இரண்டும் சேர்ந்தா என்று பிறகு கேட்டேன். அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. தெரியாததைத் தெரிந்ததாக எழுதிக்கொள்ளும் துணிச்சல் அன்றோடு போய்விட்டது. அவள் மயங்கிய அந்த நான்காம் நாளுக்கு நேரே 'காரணம்: உறுதியாகவில்லை' என்று எழுதியது இன்றும் அப்படியே இருக்கிறது.