பச்சைச் சமாதியும் கருப்பு வெள்ளை ஃபிலிமும்

நேற்று சுடுகாட்டில் என்னைப் பன்னீர் சோடா கொடுத்து வரவேற்றார்கள்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கிணறுகள் வற்றியதும் ஒவ்வொரு குடும்பமாக மெயின் ரோட்டுக்குக் குடிபெயர்ந்துவிட, ஊர் காலி. கூரையில்லாத சுவர்கள், கருவேல முள், அதற்கப்பால் பழைய சமாதிகள்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். பாசி படிந்து, காரை உதிர்ந்து, ஒன்றின் மேல் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது. கருப்பு வெள்ளைப் படத்துக்கென்றே கட்டிவைத்தது போலிருந்தது.

அங்கிருந்தே போன் செய்ததும், எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம் தருவதாகச் சொன்னார்.

"யாருமே இல்லாத ஊருன்னு பாத்த ஒடனே தெரியணும்யா. ஒரு மனுசத் தலை இருக்கக் கூடாது."

(டிஜிட்டல் கேமரா வைத்திருக்கும் தம்பிகள் சிரிக்க வேண்டாம். நான் இன்னும் ஃபிலிம்தான்.)

திரும்பும் வழியில் மெயின் ரோட்டு டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து உங்க பழைய ஊரு சமாதியெல்லாம் படம் எடுத்துப் பேப்பர்ல போடப்போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று போய் இறங்கினால் முள்ளைக் காணோம். வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். அத்தனை சமாதிகளும் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நின்றன!

நடுவில் ஒன்று மட்டும் பச்சை. பெயின்ட் இன்னும் காயவில்லை. அதன் முன்னால் சலவை வேட்டியில் ஒருவர், பட்டுச்சேலையில் அவர் மனைவி, கல்யாண வயதில் மகள். கையில் எனக்கு சோடா.

அவர் பெயர் ராமசாமி. பச்சைச் சமாதி அவர் அப்பாவுடையது.

"வாங்க சார். அப்பாவுக்குத் தலமாட்டுல நிக்கவா, கால்மாட்டுல நிக்கவா?"

"ஆளு யாரும் நிக்க வேணாங்க. இது கைவிடப்பட்ட ஊரப் பத்துன படம்."

அவர் முகம் மாறிவிட்டது.

"யாரு சார் கைவிட்டது? அடுத்த மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். ஜெயங்கொண்டத்துச் சம்பந்தி பேப்பர ஒரு வரி விடாமப் படிக்கிறவரு. பெத்த அப்பன முள்ளுல போட்டவன் வூட்லயா பொண்ணு எடுக்கறோம்னு கேக்க மாட்டாரு?"

மனைவி குறுக்கிட்டார். "சுண்ணாம்பே போதும்னேன் சார். இவரு தன் அப்பாவுக்குப் பச்சன்னா உசுருன்னு அரியலூருக்குப் பஸ் ஏறிப் போயி பெயின்ட் வாங்கியாந்தாரு. உசுரோட இருந்தப்ப ஒரு பச்சத் துண்டு எடுத்துக் குடுக்கல!"

"ஏய், சார் எழுதிக்கப்போறாரு!"

உண்மையைச் சொல்லிவிடுவதுதான் முறை என்று பட்டது.

"ஐயா, இது கருப்பு வெள்ளை ஃபிலிம். பச்ச தெரியாது. சாம்பலாத்தான் தெரியும்."

ராமசாமி மற்ற சமாதிகளைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தன் அப்பாவுடையதைப் பார்த்தார்.

"அப்ப சுண்ணாம்பு அடிச்சதெல்லாம் வெள்ளையாத் தெரியும். எங்கப்பாவுது மட்டும் அழுக்காத் தெரியுமா சார்?"

யோசித்தால், ஆமாம்! பஸ் ஏறிப் போய்ப் பெயின்ட் வாங்கியவர் வீட்டுச் சமாதி மட்டும் படத்தில் கவனிப்பாரற்று நிற்கும்.

வழி சொன்னது மகள்தான். "போட்டோவுக்குக் கீழ எழுதுவாங்கல்லப்பா. அதுல பச்சன்னு போடச் சொல்லு."

மூவரையும் நிற்கவைத்து எடுத்தேன். கடைசி நொடியில் ஆடும் பக்கத்துச் சமாதியில் ஏறி நின்றுகொண்டது.

இன்று காலை ஆசிரியர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"யோவ், யாருமே இல்லாத ஊருன்ன?"

"அப்படித்தான் சார் நெனச்சேன். இருக்காங்க."

கீழே நான் எழுதியிருந்ததை வாசித்தார்: 'தந்தையின் சமாதி முன் குடும்பத்துடன் ராமசாமி. சமாதியின் நிறம் பச்சை. பெயின்ட் புதிது.'

பேனாவை எடுத்தார். வெட்டப்போகிறார் என்று நினைத்தேன். 'பச்சை'யைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லிக் கோடு போட்டார்!

ஜெயங்கொண்டத்து நண்பர்களே, ஓர் உதவி. வரும் ஞாயிறு டீக்கடையில் பேப்பர் பார்க்கும் யாராவது, "என்னா, இது மட்டும் அழுக்கா கெடக்கு?" என்று கேட்டால், கீழே படிக்கச் சொல்லுங்கள்.

அவர் சம்பந்தியாக இருக்கலாம்!