நஸீமாவை அழைத்துவரப் பென்னாகரம் போனேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பென்னாகரம் போய்வந்தேன். அருவி பார்க்க இல்லை, ஆள் பிடிக்க. குடிநீர்த் திட்டங்களில் முதலீடு செய்யும் நிறுவனத்தில் வேலை எனக்கு. நாங்கள் பணம் போட்ட ஒரு நகரக் குடிநீர் நிறுவனத்துக்குத் தலைமை அதிகாரி தேடும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை பெயர் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் அதற்கு ஒரே ஆள் என் கல்லூரித் தோழி நஸீமாதான். உதவிப் பொறியாளராக நுழைந்து, மூன்று ஊர்களின் குடிநீரை நிர்வகித்தவள். ஆறு மாதத்துக்கு முன் திடீரென்று வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டால், "நேர்ல வாடி" என்பாள்.

பெங்களூரிலிருந்து தர்மபுரி சுமார் 130 கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்று மணி நேரம். அங்கிருந்து பென்னாகரம் முப்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, உட்கார இடமும் கிடையாது! இறங்கி ஆட்டோ பிடித்தால் எண்பது ரூபாய்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஆட்டோக்காரரிடம், "காவிரித் தண்ணி வருதுங்களா?" என்றேன்.

"வருதுங்க. துணி தொவைக்க அருமை. சோப்பு அப்புடி நுரைக்கும்."

"குடிக்க?"

"குடிக்க போர் தண்ணிதாங்க. பைப் தண்ணி சப்புனு இருக்குது."

ஐயோ சாமி! எலும்பைக் கெடுக்கும் ஃப்ளோரைடு ஏறிய போர் தண்ணீர் வேண்டாமென்றுதானே அத்தனை தூரம் குழாய் போட்டது? தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன்.

நஸீமா வீட்டில் அந்தச் சிரிப்பு நின்றது. கட்டிலில் அவள் அம்மா. கழுத்து திரும்பவில்லை, என்னைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. நஸீமா கைகொடுத்துத் தூக்கி, முதுகுக்குத் தலையணை வைத்தாள். எலும்பெல்லாம் இறுகிவிட்டது, இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"வாசல்ல குழாய் வந்து வருசக் கணக்காச்சு. இவங்க அதுல துணி தொவைச்சுட்டு, டீக்கு ருசி இல்லைன்னு போர் தண்ணியவே குடிச்சிருக்காங்க" என்றாள் நஸீமா. "பெருநாளைக்கு நான் வந்தா மட்டும் பைப் தண்ணி எடுத்து வெச்சிருப்பாங்க. நானும் எதுவும் கேக்கல. ஊர் ஊரா தண்ணி கொடுத்தேன்டி, எங்கம்மா டம்ளர்ல என்ன இருக்குன்னு பாக்கல."

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணில் ஒரு நொடி பழைய நஸீமா தெரிந்தாள். சம்பளம் கேட்கவில்லை, எத்தனை வீடு, எத்தனை மணி நேரம் சப்ளை என்று கேட்டாள். அப்புறம், "முடியாதுடி" என்றாள்.

அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டிட்டுப் போ கண்ணு. நான் எப்புடியோ கெடந்துக்கறேன். எனக்காவ இவ படிப்பு வீணாவணுமா?" நஸீமா அடுப்படிக்குள் போய்விட்டாள். திரும்பும் பஸ்ஸில் வெட்கமில்லாமல் அழுதேன்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பக்கம் ஒருமுறை வாருங்கள். நல்ல செருப்பும் தொப்பியும் போதும். திட்ட அறிக்கையைப் பெங்களூரிலேயே படிக்கலாம், இங்கே வந்து வீடுகளுக்குள் போங்கள்.

திங்கட்கிழமை வேறொருவர் பெயரைக் கொடுத்தேன். கெட்டிக்காரர்தான். நஸீமாவுக்கு போன் செய்து சொன்னேன். "நல்லது. அவர் குழாயோட நின்னுடாம சமையல்கட்டு வரைக்கும் போய்ப் பாக்கட்டும்" என்றாள். பிறகு, "இரு, அம்மாவைத் தூக்கணும்" என்று போனை வைத்தாள்.