இரண்டாயிரத்து இரண்டில் நின்ற கணினி

மச்சாளின் பயணப்பை எங்கள் அறை மூலையில் கட்டி முடிந்து கிடந்தது. மாலை ஆறு மணிக்கு ஏஜென்சிக்காரரின் வான் பஸ் நிலையத்துக்கு வரும். ஏறினால் கொழும்பு, அங்கிருந்து கட்டார், இரண்டு வருடம் யாரோ ஒருவரின் குசினியில் சமையல். ஏறாமலிருக்க ஒரேயொரு வழிதான் இருந்தது. நாலு மணிக்கு முன் பைதன் என்ற நிரல்மொழிக்கு யாரோ எழுதிவைத்த ஒரு லைப்ரரியை நான் கணினியில் நிறுவி முடிக்க வேண்டும். அவளுடைய தலைவிதி என் கையில். அவளுக்கு வேறு கெட்ட கிரகமே தேவையில்லை.

யுத்தம் முடிந்து சில மாதங்கள். நாவற்குடாவில் ஒரு வாடகை அறை, ஒரு கணினி, மாமாவின் மகளும் நானும்: இவ்வளவுதான் எங்கள் கம்பனி. சுனாமிக்குப் பின் வந்த நிவாரண அலுவலகமொன்று மூட்டை கட்டியபோது அந்தக் கணினியை மலிவாக வாங்கியிருந்தேன். உள்ளே இருந்த சின்னப் பட்டரி செத்த பட்டரி. கரண்ட் போய் வந்தால் கணினிக்கு நேரமும் திகதியும் மறந்துபோகும். ஒவ்வொரு தடவையும் அதைத் திருத்துவது என் உத்தியோகம். புதுப் பட்டரி போட்டால் எனக்கு வேலை போய்விடும் என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வேலை தருவதாகச் சொன்னவர் நோர்வேயில் இருந்தார். நிரல் எழுதுகிறவர்களில் யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் ஏற்பாடுகள் உண்டு. எங்காவது பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அவரிடம் அப்படி இரண்டு இருந்தன, ஒன்றின் பாஷை மற்றதற்கு விளங்காது. இரண்டோடும் பேசத் தெரிந்ததுதான் அந்த லைப்ரரி. அதை வைத்து இரண்டு வரலாற்றையும் ஒரே பக்கத்தில் காட்டும் நிரலை மச்சாள் எழுதி முடித்துவிட்டாள். லைப்ரரியை இறக்கி நிறுவுவது மட்டும்தான் என் பங்கு. நாலு மணிக்கு அவர் பார்ப்பார். பிடித்தால் இருவருக்கும் மாதச் சம்பளம்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன் மச்சாள் தன் ஆறு வயது மகளை அரசடியில் அக்கா வீட்டில் விடப் போனாள். அவள் போனதும் கரண்டும் போனது. நான் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். மின்விசிறிக் காற்றுப் பட்டு விழித்தபோது கணினி தானாக எழும்பியிருந்தது, திரையின் மூலையில் மணி 12:05. அடடா, கோழித் தூக்கம்தான் என்று ஆறுதலாக வேலையைத் தொடங்கினேன்.

இணைய டொங்கிளை அலுமினிய வடிகட்டிக்குள் வைத்து, வாவிப் பக்கத்து யன்னலில் கட்டித் தொங்கவிட்டேன். அப்படிச் செய்தால்தான் சிக்னல் வரும். லைப்ரரியை இறக்கச் சொன்னேன். சிவப்பு எழுத்தில் ஒரு பந்தி வந்தது. சிவப்பைக் கண்டால் வாசிக்காமல் திரும்ப அடிப்பது என் தொழில் முறை. திரும்ப அடித்தேன். திரும்பவும் சிவப்பு. வடிகட்டியை வடக்கே திருப்பினேன், தெற்கே திருப்பினேன். ஒரு கட்டத்தில் தொலைபேசிக் கம்பனியின் பரம்பரையையே திட்டினேன்.

மச்சாள் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள்.

"முடிஞ்சிதா மச்சான்?"

"அவசரப்படாத புள்ள. இப்பதான் ஒண்டேகால். நேரம் கிடக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் வடிகட்டியே ஆடியது. அதே நேரம் காத்தான்குடிப் பக்கமிருந்து, பின்னேரம் மூன்று மணி தாண்டிச் சொல்லும் அஸர் தொழுகைப் பாங்கு கேட்டது.

"உனக்கென்ன விசரா? அஸருக்குப் பாங்கு சொல்லுறாங்க, உனக்கு ஒண்டேகாலா?"

அவள் என்னைத் தள்ளிவிட்டுச் சிவப்புப் பந்தியை வாசித்தாள்.

"அந்தத் தளத்திட சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கல்லயாம்."

"மறுகா வாங்க எண்டுது. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் மாதிரி."

"பகிடிய விட்டுட்டுத் திகதியப் பார் மச்சான்."

மூலையில் இருந்த மணியை அழுத்தினேன். நாட்காட்டி விரிந்தது. 2002, ஜனவரி. நள்ளிரவு தாண்டி ஒன்றேகால். தளம் அசல்தான் என்று காட்டும் அந்தச் சான்றிதழ் அந்தக் கணினிக்கு இன்னும் பிறக்கவில்லை. மச்சாளின் மகளும் பிறக்கவில்லை. கல்லடிக் கடலோரத்தில் அவர்களின் வீடு இருந்தது. அவளுடைய அம்மா, என் மாமி, இருந்தா; கடல் இன்னும் உள்ளே வரவில்லை.

இதெல்லாம் எனக்குப் பட்டபோது அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். மாதத்தை முன்னே தள்ளும் அம்பை அழுத்தத் தொடங்கினேன். பெப்ரவரி, மார்ச். 2003. அவளுடைய தொலைபேசி அடித்தது, ஏஜென்சிக்காரர். அவள் எடுக்கவில்லை. 2004. ஒக்டோபர், நவம்பர். என் விரல் தானாக மெதுவானது.

"அந்த மாசத்தில நிக்காத," என்றாள். "கெதியாப் போ."

போனேன். அந்த இடத்தில் மட்டும் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

திகதி சரியானதும் லைப்ரரி சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி இறங்கத் தொடங்கியது. ஆனால் எங்கள் இணையம் நத்தை. பாதியில் மின்விசிறி ஒருமுறை தளர்ந்தது. மச்சாள் எழுந்து விசிறியையும் விளக்கையும் நிறுத்தினாள், ஏதோ அதனால் கரண்ட் மிஞ்சும் என்பதுபோல. அந்த இருட்டு அறையில் திரையில் ஓடிய எழுத்துகளைக் கூட்டத்தில் தொலைத்த ஆளைத் தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறுவியாயிற்று என்று வந்தபோது நாலு மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது.

அவளுடைய நிரல் முதல் தடவையிலேயே ஓடியது. நோர்வேக்காரர் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி அனுப்பினார்: உங்கள் சில மாற்றங்கள் 2002இல் செய்ததாகக் காட்டுகின்றனவே, அப்போது இந்த வேலையே தொடங்கவில்லையே?

நான் நேரத்தைத் திருத்த மறந்த நாட்களின் பலன். என்னிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன, ஒன்று உண்மையிலேயே நல்ல பொய். மச்சாள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து எழுதினாள்: 'கணினியின் பட்டரி செத்துவிட்டது. இங்கே கரண்ட் போனால் திகதியும் போகும்.'

பதில் வரத் தாமதமானது. அவள் பயணப்பையைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

'பட்டரி வாங்குங்கள். திங்கட்கிழமை தொடங்குவோம்.'

மச்சாள் தொலைபேசியை எடுத்தாள். "நான் வரல்ல. பாஸ்போட்ட எடுக்க நாளைக்கு வாறன்." மறுமுனையில் அந்த மனிசன் கத்தியது எனக்கே கேட்டது. அவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பையின் வாயைப் பிரித்து, கட்டாருக்கென்று போத்தலில் அடைத்த கூனிச் சம்பலை எடுத்தாள்.

"பேக்கரியில பாண் வாங்கிட்டு வா மச்சான். வரக்குள்ள பட்டரியும்."

"அப்ப என்ட உத்தியோகம்?"

"அது போனது போனதுதான்," என்று போத்தலைத் திறந்தாள்.