கண் மருந்தும் ஸ்டெல்லாவின் மூச்சும்

இன்று கொட்டகலை பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் உள்ள ஏற்றத்தை என் மனைவி ஸ்டெல்லா எங்கும் நிற்காமல் ஏறிவிட்டாள்.

அவள் கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடத் தொடங்கி இரண்டு மாதம். போன வாரம் வரைக்கும் அவளுக்கு மூச்சு வாங்கியது. சர்ச்சில் பாதிப் பாட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். குளிர்தான் காரணம் என்று நினைத்தோம்.

போன வாரம் ஸ்டெல்லா மூச்சு இழுப்புக்கு மருந்து கேட்டபோது, மருந்துக்கடை ரஹீம் நானா, "டீச்சர், கண்ணுக்குச் சொட்டு மருந்து ஏதும் போடுறீங்களா?" என்றார்.

"ஆமா நானா. அது கண்ணுக்குத்தானே?"

"சிலது ரத்தத்துல கலந்து நெஞ்சு வரைக்கும் போகும். மூச்சு அடைக்கும், நாடித்துடிப்பும் கொறையும். நீங்களா நிப்பாட்டிறாதீங்க. போத்தலக் கொண்டுபோய் இன்னைக்கே டொக்டர்கிட்ட காட்டுங்க."

டொக்டர் நாடி பார்த்துவிட்டு, அன்றே வேறு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

இன்று வாசலில் நின்று, கீழே பார்த்துச் சிரிக்கிறாள். "என்னங்க, அங்கேயே நின்னுட்டீங்க?"

பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. நான் எந்தச் சொட்டு மருந்தும் போடுவதில்லை. அவளிடம் என்ன காரணம் சொல்லலாம்? யோசனை உள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.